குஞ்சு எத்தனை என்று கேட்கிறோம், தாய் தகப்பன் எத்தனை? மீன் வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய் பாயும் ஊர் ஒன்றில் நாற்றங்கால் குட்டைகள் வைத்திருக்கிறேன். ஆடி, ஆவணியில் பொரிப்பகங்களிலிருந்து நுண்குஞ்சு வாங்கி விரலளவுக்கு வளர்த்து, ஐப்பசி, கார்த்திகையில் குளம் பெருகியதும் விற்பது தொழில். மானூர், நாங்குநேரி, முக்கூடல் பக்கமிருந்து மீன்பாசி (குளத்தில் மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் எடுத்தவர்கள் வருவார்கள், பண்ணைக்குட்டை வெட்டியவர்களும் வருவார்கள். அவர்கள் கேட்கும் சந்தேகங்கள் வருடா வருடம் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆக்சிஜன் பாக்கெட் கட்டுகிற அவசரத்தில் சரியாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே நிதானமாக எழுதுகிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

"மரபுப் பன்மை, மரபுப் பன்மைன்னு சொல்லுதியளே அண்ணாச்சி, அது என்னது?"

ஒரே நாளில் விட்ட ஆயிரம் ரோகு குஞ்சை ஆறு மாதம் கழித்து இழுவலை போட்டுப் பாருங்கள். ஒன்று அரைக்கிலோவைத் தாண்டியிருக்கும், ஒன்று கால் கிலோவிலேயே நிற்கும். விடியற்காலையில் தண்ணீரில் காற்று குறையும்போது சில மீன்கள் உடனே மேலே வந்து வாயைப் பிளக்கும், சில தாக்குப்பிடிக்கும். மீன் பேன் விழுந்தால் சிலவற்றின் மேல் அப்பிக் கிடக்கும், சிலவற்றில் ஒன்றிரண்டுதான் இருக்கும். இந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு தீவனம், இடம், அதிர்ஷ்டம். மீதிப் பங்கு தாய் தகப்பனிடமிருந்து ரத்தத்தில் வந்தது. அப்படி ரத்தத்தில் வந்த வித்தியாசங்கள் ஒரு கூட்டத்துக்குள் எவ்வளவு இருக்கின்றன என்பதுதான் மரபுப் பன்மை.

இது கண்ணுக்குத் தெரியாத கையிருப்பு. நோய் ஒன்று புதிதாக வரும்போது, வெயில் வழக்கத்தைவிட அதிகமாக அடிக்கும்போது, கூட்டத்தில் யாராவது சிலர் தாங்குவார்கள் என்பதற்கு இந்தக் கையிருப்பைத் தவிர வேறு உத்தரவாதம் கிடையாது.

"நல்ல மீனாப் பாத்துத் தேர்ந்தெடுத்துத்தானே விருத்தி பண்ணுதாங்க? அதுல என்ன தப்பு?"

தப்பே இல்லை. தேர்வு முறையில் விருத்தி செய்த ரகங்கள் நம் தொழிலுக்குக் கிடைத்த பெரிய வரம். ஆனால் தேர்வு என்பதே வித்தியாசத்திலிருந்து எடுப்பதுதானே? எல்லாம் ஒன்றுபோல இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பது? அதனால் இதை ஒழுங்காகச் செய்தவர்கள் எல்லோரும் முதலில் பன்மையைத்தான் சேர்த்தார்கள்.

ஜெயந்தி ரோகுவை எடுத்துக்கொள்ளுங்கள். புவனேசுவரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1992இல் நார்வே நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து அந்த வேலையைத் தொடங்கியது. பண்ணையில் இருந்த ரோகுவோடு நிற்காமல் கங்கை, யமுனை, கோமதி, பிரம்மபுத்திரா, சட்லெஜ் ஆகிய ஐந்து ஆறுகளிலிருந்து மீன் கொண்டுவந்தார்கள். குடும்பம் குடும்பமாகத் தனித்தனியே வளர்த்து, உடம்புக்குள் அடையாளச் சில்லு வைத்து, எது எந்தத் தாய் தகப்பனின் பிள்ளை என்று எழுதிவைத்து, உடன்பிறந்தவை ஒன்றோடொன்று சேராமல் ஜோடி போட்டார்கள். தலைமுறைக்குச் சராசரியாக 17 சதவீத அளவில் வளர்ச்சி கூடியது. நாடு விடுதலை பெற்ற பொன்விழா ஆண்டான 1997இல் வெளியானதால் ஜெயந்தி என்று பெயர்.

கிஃப்ட் என்று பெயரிட்டு, தேர்வு முறையில் மேம்படுத்திய திலாப்பியா மீனும் அப்படித்தான். 1988இல் பிலிப்பைன்ஸில் தொடங்கியபோது எகிப்து, கானா, கென்யா, செனகல் ஆகிய நான்கு நாடுகளின் இயற்கை மீன்களையும், ஆசியப் பண்ணைகளில் இருந்த நான்கு ரகங்களையும் கலந்துதான் அடித்தளம் போட்டார்கள். நார்வேக்காரர்கள் சால்மன் மீனுக்கு 1970களில் ஏறக்குறைய 40 ஆறுகளிலிருந்து மீன் எடுத்தார்கள். அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த முதலை நாம் கீழ்மட்டத்தில் எப்படிக் கரைக்கிறோம் என்பதுதான் என் கவலை.

"சொந்தத்துல கட்டுத மாதிரித்தானா இது?"

ஆமாம், நமக்கு அதைவிட நன்றாகப் புரிகிற உவமை இல்லை. மாமன் மகளைக் கட்டினால் பிறக்கும் பிள்ளைக்கு உட்கலப்பு அளவு 6.25 சதவீதம். அக்கா மகளைக் கட்டினால் 12.5 சதவீதம். உடன்பிறந்த மீன் இரண்டு சேர்ந்தால் 25 சதவீதம். உட்கலப்பு என்றால், தாய்வழியாகவும் தகப்பன்வழியாகவும் ஒரே மூதாதையின் ஒரே மரபணு வந்து ஜோடி சேர்வதற்கான வாய்ப்பு. கெட்ட மரபணு ஒன்று மறைந்து கிடந்தால் அப்போதுதான் வெளியே வரும்.

டிரவுட் மீனில் 1976இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒரே ஒரு தலைமுறை உடன்பிறந்தவை சேர்ந்ததிலேயே குஞ்சுப் பிழைப்பு 19 சதவீதமும், ஒரு வருட எடை 23 சதவீதமும் குறைந்ததாகக் காட்டியது. ஏலத்தொகை கட்டி, தீவனம் போட்டு வளர்க்கிறவருக்கு எடையில் நாலில் ஒரு பங்கு போனால் என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

"ஒரு தாய் மீனே லட்சக்கணக்குல முட்டை விடுதே. நாலஞ்சு மீன் இருந்தாப் போதாதா?"

எல்லாக் கேள்விகளிலும் இதுதான் முக்கியம். தவறு தொடங்குகிற இடமும் இதுதான்.

பொரிப்பகத்தில் ஒரு ராத்திரி இருந்து பார்த்தால் தெரியும். சாயங்காலம் தாய் மீனுக்கும் ஆண் மீனுக்கும் முட்டையிடத் தூண்டும் ஊசி போட்டு வட்டத் தொட்டியில் விடுவார்கள். தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும். சாமம் கழிந்ததும் மீன்கள் துரத்த ஆரம்பிக்கும், வால் அடிக்கும் சத்தம் கேட்கும். விடியும்போது டார்ச் அடித்தால் தொட்டி முழுக்க ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி முட்டை உப்பிச் சுழன்றுகொண்டிருக்கும். பத்துக் கிலோ கட்லா ஒன்று பத்து லட்சத்துக்கு மேல் முட்டை விடக்கூடியது. அன்றைய ஆர்டர் ஐந்து லட்சம் என்றால், ஒரு தாயும் இரண்டு ஆணும் போதும் என்று பண்ணைக்காரருக்குத் தோன்றுவது இயல்பு. தாய் மீனுக்குத் தனிக்குளம் வேண்டும், இரண்டு மூன்று வருடம் தீவனம் போட வேண்டும். எதற்கு நூறு மீனைக் கட்டித் தீனி போடுவது?

ஆட்டுக்காரருக்கு இந்தச் சிக்கல் வராது. நூறு குட்டி வேண்டுமென்றால் அறுபது எழுபது ஆடாவது ஈன வேண்டும். மீனில் மட்டும்தான் ஒரே ஒரு ஜோடி ஒரு தாலுகாவுக்கே குஞ்சு கொடுத்துவிடும். அப்புறம் அந்தத் தாலுகா முழுக்க அண்ணன் தங்கைகள். அந்தக் குஞ்சிலிருந்தே அடுத்த தாய் மீனை எடுத்தால், மேலே சொன்ன 25 சதவீதம் ஒரே தாவலில் வந்துவிடும். கர்நாடகப் பொரிப்பகங்களை ஆராய்ந்து 1990இல் வெளியான கணக்கு, கெண்டை மீன்களில் தலைமுறைக்கு 2 முதல் 17 சதவீதம் வரை உட்கலப்பு ஏறுவதாகச் சொன்னது. 17 என்பது அக்கா மகளைக் கட்டுவதைவிட நெருக்கம். அதுவும் ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதன் மேல் ஏறிக்கொண்டே போகும்.

"அப்போ எத்தனை மீன் வேணும்? ஒரு கணக்காச் சொல்லுங்க."

பள்ளிக்கூடக் கணக்குதான். ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்குங்கள், அதை நாலால் பெருக்குங்கள், வந்ததை ஆணும் பெண்ணும் சேர்ந்த மொத்தத்தால் வகுங்கள். கிடைப்பது பயனுள்ள எண்ணிக்கை. 30 ஆண், 30 பெண் என்றால் 60. அதே 30 பெண்ணுக்கு 5 ஆண் மட்டும் இருந்தால் 17தான். 100 பெண்ணும் 2 ஆணும் இருந்தால் 8கூட வராது. குளத்தில் 102 மீன் நிற்கிறது, கணக்கில் எட்டு மீன்.

அந்த எண்ணை இரட்டித்து 1ஐ அதால் வகுத்தால் ஒரு தலைமுறைக்கு ஏறும் உட்கலப்பு வரும். 60க்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 17க்கு ஏறக்குறைய 3. எட்டுக்கு 6க்கும் மேல், அதாவது எல்லோரும் மாமன் மகளைக் கட்டிய கணக்கு. குறைந்தது 50 பயனுள்ள எண்ணிக்கை வேண்டும் என்பது பொதுவாக ஒப்புக்கொண்ட கீழ் எல்லை. பல தலைமுறைக்கு ரகத்தைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு 500 வரை சொல்வார்கள்.

ஒரு எச்சரிக்கை. எல்லா மீனும் சமமாகப் பிள்ளை பெறுகின்றன என்று வைத்துக்கொண்டுதான் இந்தக் கணக்கு. வட்டத் தொட்டியில் எல்லா ஆணும் ஒன்றாக நிற்கும்போது வலுத்த இரண்டு மூன்றுதான் பெரும்பாலான முட்டைக்குத் தகப்பன் ஆகும். ஆகவே உண்மை எண் சூத்திரம் சொல்வதைவிடக் குறைவாகவே இருக்கும். ஒரே இரவில் எல்லாவற்றையும் விடாமல், சிறுசிறு குழுவாகப் பல இரவுகளில் முட்டையிட வைத்து, ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒரே அளவு குஞ்சை அடுத்த தாய் மீனுக்காக ஒதுக்கினால் இந்த இழப்பைப் பெரும்பாலும் தடுக்கலாம்.

"ஒரு வருஷம் மட்டும் தாய் மீன் கம்மியாப் போச்சு. இப்பக் கூட்டிட்டோம். சரியாப் போச்சுல்லா?"

சரியாகாது. கையிருப்பு ஒருமுறை கரைந்தால் எண்ணிக்கையைக் கூட்டுவதால் திரும்பாது. நாலு தலைமுறையில் மூன்றில் 60, ஒன்றில் மட்டும் 6 என்று வைத்துக்கொள்வோம். சாதாரணச் சராசரி 46 சொச்சம் வரும். மரபுக் கணக்கில் வருவது 18தான். மணிமுத்தாறு அணையில் எவ்வளவு தண்ணீர் கிடந்தாலும் மடையின் அகலம்தானே கால்வாய்க்கு வரும் நீரைத் தீர்மானிக்கிறது? அதைப் போல, மிகக் குறுகிய அந்த ஒரு தலைமுறைதான் பின்னால் வரும் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். வறட்சி வருடத்தில் தாய் மீனைக் கறிக்கு விற்றுவிடலாம் என்று நினைப்பவர்கள் இதை இரண்டு தரம் படிக்க வேண்டும்.

"எங்கிட்டயே அஞ்சு கிலோ கட்லா கிடக்கு, வளர்ந்ததைப் பாத்தாலே ஆசையா இருக்கு. அதையே தாய் மீனா வச்சா?"

நானும் அதைத்தான் செய்தேன். தொழில் தொடங்கிய காலத்தில் ஒரே குட்டையிலிருந்து ஆறு பெரிய கட்லாவைக் கழித்து வைத்து, தெரிந்தவர் தொட்டியில் முட்டையிட வைத்தேன். முதல் குஞ்சில் ஒரு குறையும் தெரியவில்லை. அந்தக் குஞ்சிலிருந்தே மறுபடி தாய் மீன் எடுத்து விட்டபோதுதான் பொரிப்பு விழுந்தது. வெள்ளைப் பேசினில் நூறு குஞ்சை ஊற்றிக் குனிந்து பார்த்தால் ஏழெட்டுக்குச் செவுள் மூடி பாதியிலேயே நின்று, உள்ளே சிவப்பாகச் செவுள் தெரிந்தது. அந்தக் குஞ்சை நம்பி வாங்கிப் போனவர்கள் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

ஒரு குட்டையில் விடும் குஞ்சு பெரும்பாலும் ஒரே நாளில், ஒரே தொட்டியில், ஒன்றிரண்டு தாய்க்குப் பிறந்தது. அதில் பெரிதாக வளர்ந்த ஆறும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருக்க வாய்ப்பு மிக அதிகம், ஏனென்றால் வேகமாக வளரும் குணம் ஒரு குடும்பத்துக்குள் ஓடுவது. அதனால்தான் முறையான தேர்வில் மீனின் எடையை மட்டும் பார்க்காமல் குடும்பத்தையும் பார்த்து, ஒரு குடும்பத்திலிருந்து இத்தனைக்கு மேல் எடுப்பதில்லை என்று வரம்பு வைக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. நல்ல விலை வந்ததும் பெரியதையெல்லாம் சந்தைக்கு ஏற்றிவிட்டு, விற்காமல் மிஞ்சியதைத் தாய் மீனாக வைத்துக்கொள்வது. அது சிறுத்து வளர்வதற்கும் சீக்கிரம் சினைப்படுவதற்கும் நாமே செய்யும் தேர்வு.

"நெல்லு விதையை நாமளே எடுத்து வைக்கோம்லா? மீனுக்கு மட்டும் ஏன் ஆவாது?"

பிசான நெல் பருவத்தில் விளைந்ததைக் காயவைத்து அடுத்த போகத்துக்கு விதைத்தவர்கள் நாம், அதனால் இந்தக் கேள்வி நியாயமானது. நெல் பூ தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும். ஆயிரக்கணக்கான வருடமாக உட்கலப்பிலேயே இருந்து, தாங்க முடியாத கெட்ட மரபணுக்கள் வெளிப்பட்டு, கழிந்து போய்விட்டன. மீன் அப்படி வந்ததில்லை. ஆற்று வெள்ளத்தில் ஆயிரம் ஆயிரமாகக் கூடி முட்டையிட்டுப் பழகிய இனம், மறைந்த கெட்ட மரபணுக்களைச் சுமந்துகொண்டே இருக்கிறது. திடீரென்று நெருக்கினால் அவை எல்லாம் ஒன்றாக வெளியே வரும். மீனுக்கு நெல்லைவிட ஆடு, மாடுதான் சரியான உவமை. ஊர்க்கிடாயை மாற்ற வேண்டும் என்று தெரிந்த எவருக்கும் இது புரியும்.

"ஜெயந்தி ரோகு வாங்கினா, ஒட்டு ரகம் மாதிரி ஒவ்வொரு தடவையும் புதுசா வாங்கணுமா?"

இல்லை, ஜெயந்தி வீரிய ஒட்டு ரகம் கிடையாது. ஒட்டுச் சோளத்தில் அடுத்த தலைமுறையில் வீரியம் சிதறிவிடும். தேர்வு முறையில் கூடிய வளர்ச்சி பிள்ளைக்கும் பேரனுக்கும் கடத்தப்படும். ஆனால் பொரிப்பகம் இரண்டு விஷயத்தைக் காத்தால்தான்: தாய் தகப்பன் எண்ணிக்கை (மேலே கணக்குச் சொன்ன இடம்), வேறு ரோகு கலக்காத தனிக்குளம். இரண்டும் இல்லாத இடத்தில் மூன்றாம் தலைமுறைக்குப் பெயர் மட்டும்தான் ஜெயந்தி. அதனால் குஞ்சு வாங்கும்போது உங்கள் தாய் மீன் எந்த வருடம், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

"குஞ்சைப் பாத்தே கண்டுபிடிச்சிரலாமா?"

முழுதாக முடியாது. செவுள் மூடி குறைவு, வளைந்த முதுகு, மொட்டை மூக்கு, ஒரே வயதில் அளவு தாறுமாறாக இருப்பது, பொரிப்பு குறைவது எல்லாம் சந்தேகக் குறிகள்தான். ஆனால் தீவனத்தில் வைட்டமின் சி குறைந்தாலும் முதுகு வளையும். பொரிப்பு நேரத்தில் தண்ணீர் சூடேறினாலும் ஊனம் வரும். குறையைப் பார்த்ததும் உட்கலப்பு என்று பண்ணைக்காரர் மேல் பாயக் கூடாது. ஒரே தாய்க்கூட்டத்தின் குஞ்சில் வருடா வருடம், தண்ணீரும் தீவனமும் சரியாக இருந்தும் வந்தால் அப்போது சந்தேகப்படலாம்.

மறுபக்கமும் உண்டு. குஞ்சு பளபளவென்று இருப்பதும் சான்றாகாது. பன்மை குறைந்த கூட்டம் நல்ல வருடத்தில் நன்றாகவே வளரும். நோய் வரும் வருடத்தில்தான் ஒரே குணமுள்ள எல்லாம் ஒரே வாரத்தில் மிதக்கும். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் துடுப்பில் நுனி வெட்டி எடுத்து டிஎன்ஏ சோதனை செய்ய வேண்டும். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி நமக்குப் பக்கம், போய் விசாரிக்கலாம்.

"தலை கட்லா மாதிரி, உடம்பு ரோகு மாதிரி ஒண்ணு கிடந்துச்சு. புது ரகமா?"

அது கலப்பு. ஒரே வட்டத் தொட்டியில் கட்லாவையும் ரோகுவையும் மிர்காலையும் ஒன்றாக முட்டையிட விட்டால் விந்து தண்ணீரில் கலந்து இப்படிப் பிறக்கும். கோவேறு கழுதை மாதிரி மலடாக இருந்தால் ஒரு தலைமுறையோடு போய்விடும். இவை மலடில்லை. தாய் மீனாக நின்று இரண்டு இனத்தையும் கலக்கிவிடும். வெளி ரத்தம் சேர்வதால் பன்மை கூடியது போலத் தோன்றும், ஆனால் கட்லா மேல்மட்டத்திலும் ரோகு நடுவிலும் மேய்கிறதே, அந்தப் பிரிவினை கெட்டுப்போகும். நம் கூட்டு மீன் வளர்ப்பு முழுக்க அந்தப் பிரிவினையை நம்பித்தான் நடக்கிறது. கண்டால் கறிக்கு எடுங்கள். தாய்க்குளத்தில் விடாதீர்கள்.

"புல் கெண்டை, வெள்ளிக் கெண்டைக்கும் இது பொருந்துமா?"

இன்னும் அதிகமாகப் பொருந்தும். இரண்டும் 1959இல் சில நூறு குஞ்சுகளாக வெளிநாட்டிலிருந்து கட்டாக்குக்கு வந்தவை. தொடக்கமே குறுகிய மடை. சாதா கெண்டையில் வேறொரு தொல்லை: ஊசி இல்லாமலே பாசியில் முட்டை ஒட்டும், ஆறு மாதத்திலேயே சினைப்படும். குட்டையில் தானாகப் பெருகியதையே திரும்பத் திரும்ப வளர்ப்பவர்கள் அறியாமலேயே அண்ணன் தங்கையைச் சேர்த்து வைக்கிறார்கள்.

"ஜிலேபியும் திலாப்பியாதானே? கிஃப்டையும் அதோட விட்டா என்ன?"

விடவே கூடாது. நம் குளங்களில் கிடக்கும் ஜிலேபி 1952இல் இந்தியாவுக்கு வந்த மொசாம்பிக் திலாப்பியா. குறுகிய தொடக்கத்திலிருந்து பெருகி, சின்ன வயதிலேயே முட்டையிட்டு, உள்ளங்கை அளவோடு நின்றுவிட்டது. கிஃப்ட் நைல் திலாப்பியா, இனமே வேறு. இரண்டும் கலக்கும், கலந்த பிள்ளை பெறும். அப்புறம் கிஃப்ட்டின் முப்பது வருட உழைப்பு வாய்க்காலில் போனது போலத்தான்.

கிஃப்ட்டை ஆண் குஞ்சாகவே விற்பதன் காரணமும் குளத்தில் அது பெருகிவிடக் கூடாது என்பதுதான். அதில் தப்பித்த ஒன்றிரண்டு பெண்ணை வைத்து நாமே குஞ்சு எடுக்கலாம் என்று சிலர் கேட்கிறார்கள். நூறு ஆணுக்கு இரண்டு பெண் என்றால் எவ்வளவு வரும்? மேலே 100 பெண்ணுக்கு 2 ஆண் என்று போட்டோமே, அதே எட்டுதான். திலாப்பியா வளர்க்க மீன்வளத் துறையில் பதிவும் அனுமதியும் வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

"புது ரத்தம் வேணும்னா எங்க வாங்க? பக்கத்துப் பண்ணையில ஆண் மீனை மாத்திக்கிட்டாப் போதுமா?"

போதும், அவர் உங்கள் பங்காளியாக இல்லாவிட்டால். நீங்களும் அவரும் பத்து வருடத்துக்கு முன் ஒரே இடத்தில் தாய் மீன் வாங்கியிருந்தால், மாற்றிக்கொண்டது அதே ரத்தம்தான். உறவே இல்லாத இரண்டு கூட்டங்கள் என்றால் பலன் வியப்பாக இருக்கும். தனித்தனியே எவ்வளவு உட்கலப்பு ஏறியிருந்தாலும், இரண்டையும் சேர்த்தால் பிறக்கும் பிள்ளைகளில் அது ஒரே தலைமுறையில் கரைந்துவிடும். ஒரே ஒரு குறை: இரண்டு கூட்டத்திலும் ஏற்கெனவே தொலைந்துபோன மரபணுக்கள் திரும்பி வராது.

நடைமுறையில் நான் சொல்வது இது. மூன்று நாலு பொரிப்பகக்காரர்கள் சேர்ந்துகொள்ளுங்கள். பெண் மீனைத் தன் பண்ணையிலேயே வைத்துக்கொண்டு, ஆண் குஞ்சை மட்டும் வருடத்துக்கு ஒருமுறை வலச்சுற்றாக அடுத்த பண்ணைக்குக் கொடுங்கள். பத்து வருடத்துக்கு ஒருமுறையாவது மேம்படுத்திய மூலத்திலிருந்து புதிதாக இறக்குங்கள். மாட்டுக்குச் சினை ஊசி போடுவதைப் போல மீன் விந்தையும் திரவ நைட்ரஜனில் உறைய வைத்துக் கொண்டுபோகும் முறை ரோகு, கட்லாவுக்கு வந்துவிட்டது. லக்னோவில் உள்ள தேசிய மீன் மரபு வளங்கள் பணியகம் அதற்காக உழைத்த நிறுவனங்களில் ஒன்று. புது மீன் வந்தால் தனித் தொட்டியில் வைத்து நோய் பார்க்காமல் தாய்க்குளத்தில் சேர்க்காதீர்கள்.

"எங்க மாப்பிள்ளை கடற்கரைப் பக்கம் வனாமி இறால் போட்டிருக்காரு. அதுக்கும் இதே கதையா?"

கதை அதேதான், பூட்டு மட்டும் வேறு. 2009இல் அனுமதி கிடைத்த வனாமிக்குத் தாய் இறால் வெளிநாட்டிலிருந்து வந்து, சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்தும் நிலையத்தில் சோதித்தபின் பொரிப்பகங்களுக்குப் போகிறது. ரகம் உருவாக்குபவர்கள் நெருங்கிய உறவுள்ள தாய் இறாலை விற்கும்போது, அதன் பிள்ளையை யாராவது குளத்திலிருந்து எடுத்து மறுபடி தாயாக்கினால் உட்கலப்பு கடுமையாக ஏறி நலிந்துவிடும். காப்பியடிக்கிறவரைத் தடுக்கும் பூட்டு அது. குளத்து இறாலைத் தாயாக்கி மலிவாக விற்கும் குஞ்சை வாங்குபவர்தான் கடைசியில் நஷ்டப்படுகிறார், நோய் வரும்போது அந்தக் குளம்தான் முதலில் விழும்.

"ஆத்துலயும் அணையிலயும் குஞ்சு விடுதாங்களே, ஆத்து மீனுக்கு நல்லதுதானே?"

எந்தக் குஞ்சு என்பதைப் பொறுத்தது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடக்கத்தி ஆற்று மீன்கள், தாமிரபரணிக்கு வந்தேறிகள். அணையில் பிடித்து விற்க அவை போதும். ஆனால் இந்த ஆற்றுக்கென்றே சொந்தமான மீன்கள் இருக்கின்றன. கருங்கோடுகளும் நீண்ட முதுகுத் துடுப்பு இழைகளும் கொண்ட ஒரு சின்னக் கெண்டையின் அறிவியல் பெயரிலேயே நம் ஆறு இருக்கிறது: டாகின்சியா தாம்ப்ரபர்ணியி. அப்படிப்பட்ட நாட்டு மீனைக் காப்பாற்றுகிறோம் என்று நாலு ஜோடியிலிருந்து லட்சம் குஞ்சு எடுத்து ஆற்றில் கொட்டினால், ஆற்றில் இருக்கும் பல நூறு குடும்பங்களின் பிள்ளைகள் அந்த நாலு குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நடுவே மூழ்கிப்போவார்கள். தலை எண்ணிக்கை கூடும், பன்மை குறையும். பண்ணையில் தவறு செய்தால் வெளியிலிருந்து புது ரத்தம் கொண்டுவரலாம். ஆற்றில் செய்தால் கொண்டுவர வேறு ஆறு இல்லை.

"இதெல்லாம் பண்ணைக்காரர்ட்டக் கேட்டா கோவிச்சுக்கிட மாட்டாரா?"

நல்ல பண்ணைக்காரர் சந்தோஷப்படுவார். "எத்தனை தாய், எத்தனை ஆண் போட்டீங்க? ஒரே நாள் குஞ்சா, பல நாள் குஞ்சா? தாய் மீன் எந்த வருஷம், எங்க எடுத்தது? கட்லாவும் ரோகுவும் தனித்தனித் தொட்டியா?" இந்த நாலும் போதும். நோட்டை எடுத்துக் காட்டுபவரிடம் நூறு ரூபாய் கூடப் போனாலும் வாங்குங்கள். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வாங்காமல் இரண்டு பொரிப்பகத்தில் பாதிப் பாதியாக வாங்கினால் இன்னும் நல்லது.

என் குட்டைக்கரையில் இப்போது ஒவ்வொரு மூங்கில் குச்சியிலும் ஒரு தகரத் துண்டு தொங்குகிறது. பொரித்த தேதி, பொரிப்பகம், தாய் எண்ணிக்கை, ஆண் எண்ணிக்கை, அவ்வளவுதான் எழுதியிருக்கும். போன ஐப்பசியில் மானூரிலிருந்து வந்த ஒருவர் பாக்கெட் எண்ணுவதற்கு முன்னால் அந்தத் தகரத்தைப் படித்தார். "ஆண் பன்னெண்டுதானா? போன தடவை இருவதுன்னுல்லா போட்டிருந்திய?" என்று கேட்டார். அந்தக் குட்டைக் குஞ்சை வேண்டாமென்று சொல்லிவிட்டு அடுத்த குட்டைக்குப் போனார்.